குளவி வளர்ப்பில் ஆண்–பெண் கணக்கு தப்பினால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஒட்டுண்ணிக் குளவி வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஆண்–பெண் விகிதம் குழம்பிவிட்டது, வோல்பாக்கியாவாக இருக்குமோ?" வோல்பாக்கியா என்பது பூச்சியின் செல்லுக்குள் வாழ்ந்து ஆண்–பெண் கணக்கையே மாற்றிவிடும் ஒரு பாக்டீரியா. சில சமயம் அதுதான். ஆனால் இணை சேராத பெண்கள், சூடேறிப்போன இன்குபேட்டர், சின்னதாகிவிட்ட ஓம்புயிரி (குளவி முட்டையிட்டு வளரும் பூச்சி) என்று சாதாரணக் காரணங்களும் அச்சு அசலாக அதே அறிகுறியைக் காட்டும். பிசிஆருக்கு (டிஎன்ஏவில் பாக்டீரியாவின் ஜீனைத் தேடும் ஆய்வகச் சோதனை) மாதிரி அனுப்புவதற்கு முன்னால் மேசையிலேயே தெரிந்துகொள்ளக்கூடியது நிறைய இருக்கிறது. உங்கள் வளர்ப்பில் தெரியும் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போங்கள். அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது.

## எதைத் தொடுவதற்கும் முன்

வளர்ப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைத் தொடாமல் வேறு அலமாரியில் வையுங்கள். ஆன்டிபயாட்டிக், சூடு, புது ஓம்புயிரி எதுவானாலும் மற்ற பாதியில் மட்டும். கூட்டுயிரி பாக்டீரியா ஒருமுறை போய்விட்டால் திரும்ப வராது, சில இனங்களில் அதோடு குளவியும் போய்விடும் (கீழே அசோபாரா என்ற குளவி பற்றிப் பாருங்கள்). கையில் இருக்கும் ஒரே குழாயில் மருந்து கொடுத்துவிட்டு உதவி கேட்பவர்களுக்குச் செய்ய அதிகம் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

## எல்லாவற்றுக்கும் முதல் சோதனை: இணை சேராத பெண்

குளவிகளில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். அதனால் ஆணையே பார்க்காத ஒரு பெண்ணைத் தனியே முட்டையிட விட்டால், பாதிக் கேள்விக்கு அதுவே பதில் சொல்லிவிடும். என்னைக் கேட்டால் எந்த பிசிஆரையும் விட இதற்கே முதலிடம்.

இணை சேராத பெண் கிடைக்க வேண்டுமானால் கூட்டுப்புழு நிலையிலேயே பிரித்துவிட வேண்டும், வெளிவந்த பிறகு பிரித்தால் நம்ப முடியாது. நாசோனியாவில் (ஈயின் கூட்டுப்புழுவில் வளரும் குளவி) ஈயின் கூட்டை மெல்ல உடைத்துப் பார்த்தால் உள்ளே குளவிக் கூட்டுப்புழுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். உடல் கறுக்கத் தொடங்கிய நிலையில் இறக்கை மொட்டைப் பாருங்கள்: நீளமாக வயிற்றுப் பக்கம் இறங்கியிருந்தால் பெண், குட்டையாக நின்றுவிட்டால் ஆண். டிரைக்கோகிரம்மாவில் (பூச்சி முட்டைக்குள் வளரும் குட்டிக் குளவி) கறுத்துப்போன ஓம்புயிரி முட்டைகளை ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் குழாய்க்கு ஒன்றாகப் போடுங்கள். ஒரே முட்டையிலிருந்து இரண்டு குளவி வந்தால் அந்தக் குழாயைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை வெளிவருவதற்குள்ளேயே கூடியிருக்கலாம்.

ஒரு பெண், ஒரு குழாய், ஒரு கீற்றுத் தேன், தேவையான அளவு ஓம்புயிரி. குறைந்தது 10 பெண்களாவது வையுங்கள். பிறகு வரும் குளவிகளை எண்ணுங்கள்.

எல்லாம் ஆண் என்றால் அடிப்படை சரியாக இருக்கிறது, ஆணில்லாமல் பெண் பிறக்கும் சமாச்சாரம் உங்கள் வளர்ப்பில் இல்லை. பெண்கள் வந்தால் அடுத்த பகுதி. வழக்கத்தைவிட மிகக் குறைவாக ஆண்கள் வந்து, பொரிக்காத முட்டைகளும் கிடந்தால் "மகன்கள் காணோம்" பகுதி. ஒன்றுமே வரவில்லை என்றால் முட்டையிடுவதிலேயே கோளாறு.

## அறிகுறி: பெண்கள் மட்டுமே வருகின்றன

எண்ணிக்கையே தப்பாக இருக்கலாம். ஆண்கள் முதலில் வெளிவந்து முதலில் செத்துப்போவது இந்தக் கூட்டத்தில் சகஜம். இரண்டு மூன்று நாள் கழித்துப் பறப்பதை மட்டும் எண்ணினால் ஆண் கண்ணில் படாது. குழாயின் அடியில் செத்துக் கிடப்பதையும் எண்ணுங்கள். டிரைக்கோகிரம்மாவில் உணர்கொம்புதான் அடையாளம், ஆணுக்கு நீள நீளமான முடிகள் இருக்கும், பெண்ணுக்கு நுனி தடித்துக் குண்டாந்தடி போல் இருக்கும். அரை மில்லிமீட்டர் அளவு பூச்சி, நல்ல உருப்பெருக்கம் இல்லாமல் இதைப் பார்க்கவே முடியாது.

ஒற்றைத் தாயின் பிள்ளைகளாக இருக்கலாம். ஒரு நாசோனியா தாய் தனியாக ஒரு ஈக் கூட்டில் முட்டையிட்டால், மகள்களைத் தன் மகன்களே கூடுவார்கள் என்பதால் ஆண்களை மிகக் குறைவாகத்தான் இடும். பத்தில் எட்டு ஒன்பது பெண்ணாக இருப்பது அங்கே ஆரோக்கியமான வளர்ப்பு.

ஆணுக்கு வேண்டிய ஓம்புயிரி இல்லாமல் இருக்கலாம். எங்கார்சியா பெர்காண்டியெல்லா போன்ற இனங்களில் பெண், வெள்ளை ஈயின் உடலில் வளரும். ஆணோ, ஏற்கெனவே வெள்ளை ஈக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் இன்னொரு குளவியின்மேல் வளரும். வெள்ளை ஈயை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் ஆண் எப்படி வரும்?

இந்த மூன்றும் இல்லை, இணை சேராத பெண்ணும் மகள்களையே பெறுகிறது என்றால் இப்போதுதான் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். முதலில் சூடு, ஏனென்றால் அதற்கு இன்குபேட்டர் மட்டும் போதும். ஒரு தலைமுறை முழுவதையும் 30 டிகிரிக்குச் சற்று மேல் வளர்த்து, அந்தப் பெண்களின் பிள்ளைகளை எண்ணுங்கள். டிரைக்கோகிரம்மாவிலும் எங்கார்சியா ஃபார்மோசாவிலும் இந்தச் சூட்டில் ஆண்கள் தலைகாட்டும். ஒரே தலைமுறையில் பாக்டீரியா முழுக்கப் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள், சூட்டைத் தொடர்ந்து சில தலைமுறை வைக்க வேண்டிவரும்.

அடுத்தது ஆன்டிபயாட்டிக். டெட்ராசைக்ளின் அல்லது ரிஃபாம்பிசினைத் தேனிலோ சர்க்கரைக் கரைசலிலோ கலந்து, முட்டையிடுவதற்கு முன் ஒரு நாளாவது பெண்ணைக் குடிக்க விடுவார்கள். நாசோனியாவுக்கு 10 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் டெட்ராசைக்ளின் என்பது பழகிய அளவு. மற்ற இனங்களுக்கு இரண்டு மூன்று அளவுகளில் சின்னதாகச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். பென்சிலினைக் கொடுத்துவிட்டு மாற்றம் இல்லை, ஆகவே பாக்டீரியா இல்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை, வோல்பாக்கியா அதற்கு அசையாது. பெண் மட்டுமே இருந்த டிரைக்கோகிரம்மா வளர்ப்புகள் ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் ஆண்களைப் பெற்று மறுபடி இணைசேர்ந்து இனம்பெருக்கத் தொடங்கியது 1990-இலேயே காட்டப்பட்டுவிட்டது, அதே சோதனைதான் இன்றைக்கும்.

ஆண்கள் வந்துவிட்டால் பாக்டீரியா உறுதி, ஆனால் எது என்பது இன்னும் தெரியாது. டிரைக்கோகிரம்மா, எங்கார்சியா ஃபார்மோசா, மஸ்கிடிஃபுராக்ஸ் யூனிராப்டர் இவற்றில் வோல்பாக்கியா. எங்கார்சியா பெர்காண்டியெல்லாவில் இதே வேலையைக் கார்டினியம் என்ற வேறொரு பாக்டீரியா செய்கிறது, நியோகிரைசோகேரிஸ் ஃபார்மோசாவில் ரிக்கெட்சியா என்ற பாக்டீரியா. ஆகவே வோல்பாக்கியா பிசிஆர் எதிர்மறையாக வந்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

ஆண்களே வரவில்லை, இரண்டு மூன்று தலைமுறை மருந்துக்குப் பிறகும் பெண்தான் என்றால் அது குளவியின் சொந்த மரபணு வேலையாக இருக்கலாம். வெந்தூரியா கானெசென்ஸ் இதற்கு உதாரணம், அதன் பெண்-மட்டும் வளர்ப்புகளுக்குப் பின்னால் பாக்டீரியா இல்லை.

இன்னொன்று, நிறையப் பேர் ஏமாறும் இடம் இது: ஆண்கள் வந்துவிட்டன, இனி சாதாரண இணைசேரும் வளர்ப்பு கிடைத்துவிடும் என்று நினைப்பது. நெடுங்காலம் பெண் மட்டுமே இருந்த இனங்களில் அப்படி நடப்பதில்லை. எங்கார்சியா ஃபார்மோசாவின் ஆண்கள் கூடினாலும் விந்து போய்ச் சேர்வதில்லை. மஸ்கிடிஃபுராக்ஸ் யூனிராப்டரிலும் ஆண்–பெண் இரு பக்கத்திலும் இணைசேரும் திறன் சிதைந்துவிட்டது. டிரைக்கோகிரம்மாவில் பல இனங்களில் இன்னும் வாய்ப்பு உண்டு. அதற்காக மாதக்கணக்கில் உழைப்பதற்கு முன், கூடிய பெண்ணின் விந்துப்பையை அறுத்து அசையும் விந்து இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிபுணரிடம் போக வேண்டிய இடம்: வந்த ஆண்கள் ஒற்றைக் குரோமோசோம் தொகுதி உள்ளவையா இரட்டையா என்ற கேள்வி எழும்போது. எங்கார்சியா ஹிஸ்பிடாவில் கார்டினியத்தை நீக்கினால் வரும் ஆண்கள் இரட்டைத் தொகுதி கொண்டவை, அதாவது அங்கே பாக்டீரியா செய்துகொண்டிருந்தது ஆணைப் பெண்ணாக்கும் வேலை. இதை மேசையில் பிரித்தறிய முடியாது, செல்லின் டிஎன்ஏ அளவை அளக்கும் கருவி வேண்டும்.

## அறிகுறி: ஆண்கள் மட்டும், அல்லது பெண்கள் குறைந்துகொண்டே போவது

இதில்தான் பாக்டீரியாமேல் பொய்ப்பழி அதிகம் விழுகிறது. வரிசையாகப் போங்கள்.

இணை சேர்ந்தனவா? போதுமான ஆண் இருந்ததா, அவை கிழட்டு ஆண்களா, ஒரே ஆண் ஏகப்பட்ட பெண்களைக் கூடி விந்து தீர்ந்துபோனதா, வெளிவந்த உடனேயே ஆண்–பெண்ணைப் பிரித்துவிட்டீர்களா? புது ஆண்களோடு ஒரு நாள் சேர்த்துவைத்து மறுபடி எண்ணுங்கள். பெரும்பாலான வளர்ப்பு இங்கேயே சரியாகிவிடும்.

ஓம்புயிரி சின்னதா, பழையதா? பல குளவிகள் சின்ன ஓம்புயிரியில் ஆண் முட்டையையும் பெரியதில் பெண் முட்டையையும் இடும். அப்புறம் கூட்டம்: கொஞ்சம் ஓம்புயிரிக்கு நிறையத் தாய்களை விட்டால் ஆண் விகிதம் ஏறும். தாய்களைக் குறைத்துப் பாருங்கள்.

சூடு ஆண்களை மலடாக்கும். இன்குபேட்டரின் திரை சொல்வதை நம்பாமல் குழாய் இருக்கும் தட்டிலேயே ஒரு வெப்பமானியை வையுங்கள், மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும்.

பிராக்கான் ஹெபெட்டர் போன்ற குளவிகளை வளர்ப்பவர்கள் உள்கலப்பைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே பெண்ணாவதற்கு ஒரு குறிப்பிட்ட ஜீனின் இரண்டு வேறு வேறு வடிவங்கள் வேண்டும், இரண்டும் ஒன்றாகிவிட்டால் கருவுற்ற முட்டையும் ஆணாகிவிடும், அப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவை பிழைக்கவும் மாட்டா. ஆக, பொரிப்பு குறைவதும் பெண் குறைவதும் சேர்ந்தே வரும். மருந்து: வேறிடத்து வளர்ப்பிலிருந்து ஆண்களைக் கொண்டுவந்து கலப்பது. நாசோனியா, டிரைக்கோகிரம்மா, எங்கார்சியா எல்லாம் இருக்கும் சால்சிட் கூட்டத்தில் இந்தச் சிக்கல் கிடையாது, அதனால் அங்கே இதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகும் ஆண்களே வந்தால் இரண்டு சாத்தியங்கள் மீதி. ஒன்று பாக்டீரியாவால் வரும் பொருந்தாமை, அதாவது பாக்டீரியா உள்ள ஆணின் விந்து அது இல்லாத பெண்ணின் முட்டையோடு ஒத்துப்போகாதது (கீழே தனியாக உண்டு). மற்றொன்று பாக்டீரியாவே அல்ல: தந்தை வழியாகப் போகும் பிஎஸ்ஆர் என்ற உபரிக் குரோமோசோம். விந்தோடு போய், தந்தையிடமிருந்து வந்த மற்ற எல்லாக் குரோமோசோம்களையும் அழித்துவிடும், கருவுற்ற முட்டை ஆணாகிவிடும். நாசோனியா விட்ரிபென்னிஸிலும் டிரைக்கோகிரம்மா கய்காயியிலும் இது உண்டு.

இரண்டையும் பிரிப்பது எளிது, நேரம்தான் பிடிக்கும். சந்தேகப்படும் ஆணைப் பாக்டீரியா இல்லாத பெண்ணோடு சேருங்கள். எல்லாம் மகன்களாக வந்தால், அந்த மகன்களை மறுபடி பாக்டீரியா இல்லாத பெண்களோடு சேருங்கள். இந்த முறை மகள்கள் வந்தால் பொருந்தாமை, ஏனென்றால் பாக்டீரியா தாய் வழியாகத்தான் போகும், சுத்தமான தாயின் மகன்களிடம் அது இருக்காது. மறுபடியும் மகன்களாகவே வந்தால் பிஎஸ்ஆர். அதற்கு ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்யாது, அந்த ஆண்களை ஒழித்துவிட்டு இணை சேராத பெண்களிலிருந்து வளர்ப்பைத் திரும்பத் தொடங்குவதுதான் வழி.

## அறிகுறி: பெண் மட்டுமே வந்த வளர்ப்பில் திடீரென்று ஆண்கள்

வெளிக் குளவி கலந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். பக்கத்து அலமாரியில் இணைசேரும் வளர்ப்பு இருந்தால் இதற்கே வாய்ப்பு அதிகம்.

அப்புறம் வெப்பப் பதிவைப் பாருங்கள், முந்தைய தலைமுறை வளர்ந்த நாட்களுக்குரியதை. இன்றைய ஆணுக்குக் காரணம் தாய் வளர்ந்தபோது அடித்த சூடாக இருக்கலாம். ஒரு பக்க உணர்கொம்பு ஆணைப் போலவும் மறுபக்கம் பெண்ணைப் போலவும் உள்ள கலவைப் பூச்சிகள் கிடைத்தால் பாக்டீரியாவின் அளவு குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், முழுக்கப் போயிருந்தால் நேராக ஆண்தான் வரும்.

தாய் அவசர அவசரமாக முட்டையிட்டதா? ஓம்புயிரி ஏராளமாகக் கிடைத்து அடுத்தடுத்து இட்டுக்கொண்டே போனால் கடைசி முட்டைகளுக்குப் பாக்டீரியா போதாமல் ஆண்கள் வரும். முட்டைகளை நாள்வாரியாகப் பிரித்து வளருங்கள். முதல் நாள் முட்டையில் பெண்கள், பிந்தைய நாட்களில் ஆண்கள் என்று வந்தால் விஷயம் முடிந்தது. வெளிவந்த பெண்ணை ஓம்புயிரி காட்டாமல் தேனோடு ஒன்றிரண்டு நாள் வைத்திருந்து விட்டால் ஆண்கள் குறையும், மஸ்கிடிஃபுராக்ஸில் அப்படி வைத்தபோது வோல்பாக்கியா அளவு கூடுவதையே பார்த்திருக்கிறார்கள். அடுத்த தலைமுறைக்கு முதல் நாள் முட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரும் யோசிக்காத ஓர் இடம்: புழுவுக்குக் கொடுக்கும் செயற்கை உணவு. அந்துப்பூச்சிப் புழு உணவில் பாக்டீரியா வராமலிருக்கக் குளோர்டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சேர்ப்பது வழக்கம். புழு ஒட்டுண்ணியை வளர்ப்பவர்கள் உணவு எப்போது மாறியது, ஆண்கள் எப்போது வந்தன என்று இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

## அறிகுறி: தனித்தனியே நன்றாக இருக்கும் இரண்டு வளர்ப்புகள், கலந்தால் மகள்கள் இல்லை

நான்கு கலப்பும் செய்தாக வேண்டும்: அ ஆண் × ஆ பெண், ஆ ஆண் × அ பெண், அப்புறம் அந்தந்த வளர்ப்புக்குள்ளேயே ஒன்று ஒன்று. கூடவே இரண்டிலிருந்தும் இணை சேராத பெண்கள். இதில் ஒன்றைக் குறைத்தாலும் முடிவு தொங்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு திசையில் மட்டும் மகள்கள் காணாமல் போனால், அந்தத் திசையில் ஆண் வந்த வளர்ப்பில் பாக்டீரியா இருக்கிறது, பெண் வந்த வளர்ப்பில் இல்லை. இரண்டு திசையிலும் போனால் இரண்டிலும் வேறு வேறு வகை இருக்கிறது. வோல்பாக்கியா மட்டுமல்ல, எங்கார்சியா பெர்காண்டியெல்லாவின் வேறு சில வளர்ப்புகளில் கார்டினியமும் இதைச் செய்கிறது.

மொத்த எண்ணிக்கையை மறக்காமல் எழுதுங்கள், சதவீதம் மட்டும் போதாது. நாசோனியா விட்ரிபென்னிஸில் பொருந்தாத முட்டை பெரும்பாலும் ஆணாகிவிடும், மொத்தம் குறையாது, எல்லாம் ஆண். லெப்டோபிலினா ஹெட்டரோடோமாவில் முட்டை செத்துப்போகும், மகன்கள் வழக்கமான அளவில் இருக்க, மகள்கள் இருக்க வேண்டிய இடம் காலி. சதவீதத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

"இரண்டும் ஒரே வளர்ப்பிலிருந்து பிரித்தவைதானே, எப்படிப் பொருந்தாமல் போகும்?" என்று கேட்பீர்கள். குளிர்பெட்டியில் நெடுநாள் உறக்கநிலையில் ஒன்றை வைத்திருந்தீர்களா? நாசோனியாவில் ஒரே உடலில் இரண்டு வகை வோல்பாக்கியா இருப்பது சாதாரணம். நீண்ட உறக்கத்தில் ஒன்றோ இரண்டுமோ கைநழுவிவிடும், அதுவும் ஒவ்வொரு குடும்பத்திலும் வெவ்வேறு விதமாக. சேமித்த பிரதியை எடுத்து ஓடிக்கொண்டிருக்கும் வளர்ப்போடு கலந்தால் இப்படித்தான் ஆகும். எனவே உறக்கத்திலிருந்து எடுத்ததை ஒரு தலைமுறை தனியே வளர்த்து, கலப்புச் சோதனை செய்துவிட்டுச் சேருங்கள்.

பாக்டீரியாதான் என்று முடிவு கட்ட, இரண்டையும் மருந்தால் சுத்தம் செய்து மறுபடி கலந்து பாருங்கள். மகள்கள் திரும்பி வர வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் அவை இரண்டும் ஒரே இனம்தானா என்பதே கேள்வி, அதை வகைப்பாட்டாளரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: மகள்கள் சரி, மகன்கள் காணோம், பொரிக்காத முட்டைகள் கிடக்கின்றன

நாசோனியா என்றால் ஆர்செனோஃபோனஸ் நாசோனியே என்ற மகன்கொல்லிப் பாக்டீரியாவைச் சந்தேகியுங்கள். கருவுறாத முட்டைகளில் ஐந்தில் நான்கு போலச் செத்துப்போகும். இணை சேராத பெண்ணின் குழாயைப் பார்த்தால் அப்பட்டமாகத் தெரியும்: ஈக் கூட்டை உடைத்தால் ஈயின் உடல்மேல் வெளிறிய முட்டைகள் சுருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும், புழுக்கள் மட்டும் விரல்விட்டு எண்ணும்படி.

இது வோல்பாக்கியா மாதிரி முட்டைக்குள் போவதில்லை. தாய் கொட்டும்போது ஈக்குள் இறங்கி, அங்கே சாப்பிடும் புழுக்களின் வாய்வழியாகப் போகிறது. எனவே ஒரே ஈயில் இரண்டு தாய் முட்டையிட்டால் அடுத்த குடும்பத்துக்கும் தொற்றிவிடும். பாதித்த வளர்ப்பை அன்றே தனி அறைக்கு மாற்றுங்கள், ஓம்புயிரியைப் பகிராதீர்கள். ஓர் அனுகூலம், இந்தப் பாக்டீரியாவைத் தட்டில் வளர்க்க முடியும், எந்த நுண்ணுயிரியல் ஆய்வகமும் உதவும்.

ஓம்புயிரியைப் பகிர்வதால் தொற்றுவது இதற்கு மட்டும் உரியதல்ல. டிரைக்கோகிரம்மா கய்காயியில் ஒரே முட்டைக்குள் சேர்ந்து வளர்ந்த புழுக்களுக்கிடையே வோல்பாக்கியா தாவுவதை 2000-இல் காட்டியிருக்கிறார்கள்.

## அறிகுறி: ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு முட்டையே இல்லை

உடனே நிறுத்துங்கள். சில பெண்களை உப்புக் கரைசலில் அறுத்துச் சூலகத்தைப் பாருங்கள். முட்டைகள் இருந்தும் இடவில்லை என்றால் மருந்தின் அளவு அதிகமாகிப் பூச்சி நலிந்திருக்கலாம், பாதியாகக் குறையுங்கள். சூலகமே காலியாக இருந்தால் அசோபாரா டாபிடா மாதிரி விஷயம்: அங்கே வோல்பாக்கியா இல்லாமல் முட்டை முதிர்வதே இல்லை என்று 2001-இல் தெரியவந்தது. அந்தக் குளவியிடம் மூன்று வகை வோல்பாக்கியா உண்டு, முட்டைக்கு அவசியமானது அவற்றில் ஒன்று மட்டும். இப்படிப்பட்ட இனத்தைச் "சுத்தப்படுத்த" வழியில்லை. தொடாமல் வைத்த பாதிக்குத் திரும்புங்கள்.

முட்டைகள் குறைந்தாலும் வந்துகொண்டிருந்தால், மருந்தை நிறுத்தி இரண்டு தலைமுறையாவது விட்டுவிட்டுத்தான் எண்ணத் தொடங்க வேண்டும். டெட்ராசைக்ளின் மைட்டோகாண்ட்ரியாவையும் பாதிக்கும், அதன் விளைவைப் பாக்டீரியா போனதன் விளைவு என்று தப்பாக எழுதிவிடக் கூடாது.

## அறிகுறி: பிசிஆர் ஒன்று சொல்கிறது, வளர்ப்பு வேறொன்று சொல்கிறது

பிசிஆர் இருக்கிறது என்கிறது, கலப்பில் ஒன்றும் தெரியவில்லை: ஓம்புயிரியின் பாக்டீரியாவாக இருக்கலாம். எஃபெஸ்டியா கூனியெல்லா அந்துப்பூச்சிக்கே வோல்பாக்கியா உண்டு, அதன் முட்டையைத் தின்று வளர்ந்த குளவியின் குடலில் மிச்சம் இருந்தால் சோதனை நேர்மறையாகிவிடும். தேனில் ஓரிரு நாள் வைத்துக் குடலைக் காலியாக்கிவிட்டு எடுங்கள், முடிந்தால் சூலகத்தை மட்டும் அறுத்தெடுத்துப் பாருங்கள். ஓம்புயிரியையும் ஒரு மாதிரியாகச் சேர்த்து ஓட்டுங்கள்.

இல்லை என்கிறது, ஆனால் அறிகுறி அப்படியே இருக்கிறது: அதே டிஎன்ஏவில் குளவியின் சொந்த ஜீன் ஒன்று கிடைக்கிறதா என்று பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் டிஎன்ஏவே கெட்டுப்போயிருக்கிறது. கிடைத்தால், வோல்பாக்கியாவின் மேற்பரப்புப் புரதத்துக்கான டபிள்யூஎஸ்பி ஜீனோடு, பாக்டீரியாக்களுக்குப் பொதுவான 16எஸ் ஜீனையும் ஓட்டுங்கள், கார்டினியம், ரிக்கெட்சியா, ஆர்செனோஃபோனஸ் மூன்றுக்கும் தனித்தனிப் பிரைமர் (தேடும் ஜீனைப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) போடுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட வகை ஒரே குளவியில் இருப்பதாகத் தெரிந்தால் இனி உங்கள் மேசையில் ஆகாது, ஐந்து ஜீன்களைப் படித்து வகை பிரிக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது ஆண், பெண், ஓம்புயிரி மூன்றையும் தனித்தனிக் குழாயில், 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போடுங்கள். மருந்து கொடுத்ததும் கொடுக்காததும் இரண்டும் இருக்கட்டும். குழாயின்மேல் பென்சிலால் எழுதுங்கள், எத்தனால் பட்டால் பேனா மை அழிந்துவிடும். கூடவே இணை சேராத பெண்களின் எண்ணிக்கை அட்டவணையையும் வையுங்கள், ஆய்வகத்தில் இருப்பவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.